வயிற்றுப்போக்கும் ஒரு வேலூர் விஞ்ஞானியும்

நமது அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்ப நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை





கல்வி உதவி பற்றியோ, ஜகாத் கணக்கு பற்றியோ பேசுவதற்காகத்தான் வழக்கமாக இந்த மேடையில் நிற்பேன். இன்று வயிற்றைப் பற்றிப் பேசப் போகிறேன். மழைக்காலம் நெருங்குகிறது. குடிநீர்க் குழாயும் சாக்கடையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் தெருக்கள் நம்முடையவை. எந்த வீட்டில் முதலில் குழந்தைக்கு வயிற்றால் போகும் என்று யாருக்கும் தெரியாது. அதற்கு முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

முதலில் என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இத்தனை ஆண்டுகளில் இதை நான் எந்த மேடையிலும் சொன்னதில்லை.

1989ஆம் ஆண்டு. மதரஸாவில் ஓதி முடித்துவிட்டு, கல்லூரியில் முதலாண்டு சேர்ந்திருந்தேன். வீட்டில் படித்தவன் என்று சொல்ல நான் ஒருவன்தான். அக்கா பிரசவத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில்தான் இருந்தார். அவருடைய மகனுக்கு ஒன்றரை வயது. ஒருநாள் விடியற்காலையில் அவனுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. கூடவே வாந்தி. 'தண்ணி கொடுக்காதீங்க, கொடுத்தா இன்னும் போகும்' என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னார்கள். நான் மறுத்தேன். கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் உப்புச் சர்க்கரைக் கரைசல் பற்றிச் சொல்லியிருந்தார்கள். ஓடிப்போய் ஒரு பொட்டலம் வாங்கி வந்து, பின்னால் அச்சிட்டிருந்ததைப் படித்துப் பார்த்து, கொதித்து ஆறிய தண்ணீரில் நானே கரைத்துக் கொடுத்தேன்.

காலையிலிருந்து மதியம் வரை கரண்டி கரண்டியாகக் கொடுத்தோம். குழந்தை குடித்தான். ஆனால் வயிற்றால் போவது நிற்கவில்லை. குடிக்கக் குடிக்கப் போய்க்கொண்டே இருந்தது. மதியத் தொழுகைக்குப் பிறகு நான்தான் சொன்னேன்: 'இது வேலை செய்யலை, நிறுத்திடுங்க.' பெரியவர்கள் சொன்னதுதான் சரி என்று எல்லோரும் தலையசைத்தார்கள். அந்தச் சொம்பை நானே எடுத்து ஓரமாக வைத்தேன். இரவில் கண் குழிந்து, உடம்பு துவண்டு போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். விடிவதற்குள் பிள்ளை வஃபாத் ஆகிவிட்டான். பணியில் இருந்த டாக்டர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். 'கொடுத்துக்கிட்டுதானே இருந்தீங்க, ஏன் நிறுத்தினீங்க?'

என் பதில் இதுதான்: பேதி நிற்கவில்லை, அதனால் நிறுத்தினேன்.

பல ஆண்டுகள் கழித்து, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்த ஓர் ஆராய்ச்சியைப் பற்றிப் படித்தேன். நான் எந்த இடத்தில் தோற்றேனோ, அந்த இடத்திலிருந்தே தன் கேள்வியைத் தொடங்கிய ஒரு விஞ்ஞானி அங்கே இருந்தார். அவர் டாக்டர் பி.எஸ். ராமகிருஷ்ணா. குடல் மருத்துவத் துறையின் தலைவராக அந்தக் கல்லூரியில் பணியாற்றியவர். பிறகு சென்னை வடபழனியில் உள்ள சிம்ஸ் மருத்துவமனையின் குடல் நோய்ப் பிரிவுக்குப் போனார். உணவு, குடலில் வாழும் நுண்ணுயிர்கள், மனித உடல்நலம் ஆகிய மூன்றுக்கும் உள்ள தொடர்பைத் தேடுவதிலேயே தன் ஆராய்ச்சி வாழ்வைச் செலவிட்டவர். நம் ஊரிலிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் போய்விடும் தூரத்தில்தான் இந்த வேலை நடந்தது.

வேலூரில் இந்த ஆராய்ச்சிக்கு ஒரு பரம்பரையே உண்டு. 1960களின் தொடக்கத்தில் வட ஆற்காடு பக்கத்துக் கிராமங்களில் ஒரு விநோத நோய் பரவியது. நாள்கணக்கில், மாதக்கணக்கில் பேதி. உண்டது உடம்பில் ஒட்டாமல் ஆட்கள் எலும்பும் தோலுமாக ஆனார்கள். ஸ்புரூ என்று அந்த நோய்க்குப் பெயர். டாக்டர் செல்வின் பேக்கர், டாக்டர் வி.ஐ. மாத்தன் போன்றவர்கள் கிராமம் கிராமமாகப் போய் அதை ஆராய்ந்தார்கள். பிற்காலத்தில் மாத்தனோடு சேர்ந்து வேலை செய்தவர் ராமகிருஷ்ணா.

இப்போது அந்த உப்புச் சர்க்கரைக் கரைசலுக்கு வருகிறேன். சாதாரணப் பொட்டலம் என்று நினைக்காதீர்கள். சிறுகுடலின் சுவரில் ஒரு வாசல் இருக்கிறது. உப்பும் குளுக்கோஸும் கைகோத்து வந்தால்தான் அது திறக்கும். அவை உள்ளே போனால் தண்ணீரும் பின்னாலேயே போய்விடும். காலரா வந்தவருக்கும் இந்த வாசல் அடைபடுவதில்லை. 1968இல் டாக்கா காலரா ஆய்வுக்கூடத்தில் நோயாளிகளிடம் இதை நிரூபித்தார்கள். 1971இல் வங்கதேசப் போரின்போது லட்சக்கணக்கான அகதிகள் எல்லையைத் தாண்டி வந்தார்கள். பன்காவ் முகாமில் காலரா. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் தண்ணீரில் கரைத்து, நோயாளிகளின் உறவினர்களையே ஊட்டச் சொன்னார். நூற்றுக்கு சுமார் முப்பது பேர் இறந்துகொண்டிருந்த இடத்தில், அவருடைய பராமரிப்பில் இருந்தவர்களில் இறந்தவர்கள் நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவு. ஊட்டியவர்கள் தாய்மார்களும் அண்ணன் தம்பிகளும்தான்.

ஆனால் இந்தக் கரைசலில் ஒரு குறை உண்டு. உடம்பு இழந்த தண்ணீரை அது திருப்பிக் கொடுக்கும், உயிரைக் காக்கும். வெளியே போகும் பேதியின் அளவை மட்டும் அது குறைப்பதில்லை. ஓட்டைக் குடத்தில் நீர் வற்றிப்போகாமல் ஊற்றிக்கொண்டே இருப்பது போன்ற வேலை. அதனால்தான் பார்க்கும் தாய்க்கு மருந்து வேலை செய்யவில்லை என்று தோன்றுகிறது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மருந்து தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. நான்தான் அதை வேறு வேலைக்காக எதிர்பார்த்தேன்.

பேதியையும் குறைக்க வழி உண்டா என்பதுதான் ராமகிருஷ்ணா கேட்ட கேள்வி. எல்லோரும் சிறுகுடலையே பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் பெருங்குடலைப் பார்த்தார். பெருங்குடலை வெறும் கழிவுத் தொட்டி என்று நினைத்துவிடக் கூடாது. நம் குடலுக்குள் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒன்பது லிட்டர் நீர் வந்து சேர்கிறது. நாம் குடிப்பது, எச்சில், செரிமான நீர்கள் எல்லாம் சேர்ந்த கணக்கு இது. பெரும்பகுதியைச் சிறுகுடல் உறிஞ்சிவிடும். மீதி ஒன்றரை லிட்டர் அளவைப் பெருங்குடல் உறிஞ்சிக்கொள்ளும். தேவைப்பட்டால் அதைவிடப் பல மடங்கு உறிஞ்சும் வல்லமையும் அதற்கு உண்டு.

அந்த வல்லமைக்குத் துணை நிற்பவை அங்கே வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்கள். தாய்மார்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இரவு இட்லி மாவைக் கரைத்து மூடி வைக்கிறீர்கள். யாரும் தொடுவதில்லை. காலையில் பாத்திரம் பொங்கி நிற்கிறது, மாவு புளித்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இரவு முழுவதும் வேலை செய்திருக்கின்றன. நம் பெருங்குடலிலும் அதே போன்ற புளிப்பு நடக்கிறது. சிறுகுடலில் செரிக்காமல் தப்பி வரும் நார்ச்சத்தையும் மாவுச்சத்தையும் அந்த உயிர்கள் தின்று, சில அமிலங்களை உண்டாக்குகின்றன. அவற்றில் பியூட்டிரேட் என்பது பெருங்குடல் சுவருக்கே முக்கிய உணவு. இந்த அமிலங்களைக் குடல் உறிஞ்சும்போது உப்பையும் நீரையும் சேர்த்து உறிஞ்சிக்கொள்கிறது.

கடும் வயிற்றுப்போக்கு வந்தவர்களின் பெருங்குடல் நீரை உறிஞ்சும் திறனை இழந்துவிடுகிறது, அவர்களிடம் இந்த அமிலங்களும் குறைந்துபோகின்றன என்று ராமகிருஷ்ணாவும் மாத்தனும் 1993இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். அமிலங்களைத் திரும்பச் சேர்த்தால் உறிஞ்சும் திறனும் ஓரளவு திரும்பியது. அப்படியானால் அந்த அமிலங்களைப் பெருங்குடல் வரை கொண்டுசேர்ப்பது எப்படி? வாயால் குடித்தால் வழியிலேயே உடம்பு எடுத்துக்கொள்ளும். அதனால் அமிலத்தை அனுப்பாமல், அதைத் தயாரிக்கும் நுண்ணுயிர்களுக்குத் தீனியை அனுப்பலாம் என்று யோசித்தார்கள். எளிதில் செரிக்காத மாவுச்சத்து ஒன்று உண்டு. எச்சிலுக்கும் கணையநீருக்கும் மசியாமல் பெருங்குடல் வரை போய்ச் சேரும். ஒருவகை மக்காச்சோளத்தில் அது அதிகம். அந்த மாவைக் கரைசலில் கலந்தார்கள்.

இதற்கு ஆஸ்திரேலியாவின் கிரேம் யங்கும், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி பைண்டரும் கூட்டாளிகள். வேலூரில் காலரா நோயாளிகள் 48 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். முதல் பிரிவுக்கு வழக்கமான கரைசல். இரண்டாவது பிரிவுக்கு அதோடு லிட்டருக்கு 50 கிராம் அரிசி மாவு. மூன்றாவது பிரிவுக்கு லிட்டருக்கு 50 கிராம் அந்தச் செரிக்காத மாவு. வழக்கமான கரைசல் குடித்தவர்களுக்குப் பேதி நிற்கச் சராசரியாக 91 மணி நேரம் ஆனது. அரிசி மாவுப் பிரிவுக்கு 71 மணி நேரம். மூன்றாவது பிரிவுக்கு 57 மணி நேரம். 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' என்ற உலகப் புகழ்பெற்ற மருத்துவ இதழில் இது வெளிவந்தது. பிறகு குழந்தைகளிடமும் சோதித்து 2006இல் வெளியிட்டார்கள். குளுக்கோஸுக்குப் பதிலாகவே இந்த மாவைப் பயன்படுத்திப் பார்த்த ஆய்வு 2008இல் வந்தது.

நம் ஊரில் பாவுக்குக் கஞ்சி போடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். தெருவில் பாவை நீட்டி, கஞ்சி தோய்த்து, வெயிலில் காயவிட்டால்தான் இழை தறியில் அறுந்துபோகாமல் தாங்கும். கஞ்சி உடம்புக்கும் வலு என்று நம் முன்னோர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். அது எந்த இடத்தில், யார் மூலமாக, எந்த அமிலத்தால் என்று காட்ட ஒரு விஞ்ஞானிக்கும் அவருடைய கூட்டாளிகளுக்கும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் தேவைப்பட்டது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இதைக் கேட்டுவிட்டு யாரும் வீட்டில் சோள மாவை வாங்கிக் கரைசலில் கலக்கக் கூடாது. ஆராய்ச்சியில் பயன்பட்டது தனி வகை மாவு. நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் பொட்டலம் இன்றும் குளுக்கோஸ் கலந்ததுதான். உயிர் காக்க அதுவே போதும். நாம் செய்ய வேண்டியது, பேதி நிற்கவில்லையே என்று அதை நிறுத்தாமல் இருப்பது.

ராமகிருஷ்ணாவின் வேலை காலராவோடு முடியவில்லை. கோதுமையால் வரும் சீலியாக் என்ற குடல் நோய் பற்றி நாட்டின் மூன்று பகுதிகளில் 23,000 பேருக்கு மேல் சோதித்த ஆய்வை அவர் முன்னின்று நடத்தினார். 2016இல் அது வெளிவந்தது. நோய்க்கான அறிகுறிப் பொருள் வடக்கே நூறு பேரில் ஒருவருக்குச் சற்று அதிகமாகவும், தெற்கே ஆயிரத்தில் ஒருவருக்கும் இரத்தத்தில் காணப்பட்டது. பிறவிக்கூறில் இரு பகுதியினருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு தட்டில் இருந்தது. அவர்கள் கோதுமை உண்கிறார்கள், நாம் அரிசி உண்கிறோம்.

2010இல் வந்த இன்னோர் ஆய்வும் சிந்திக்கத்தக்கது. நல்ல நுண்ணுயிர் என்று பெயரெடுத்த ஒன்று, உடல் பருமனான தமிழகக் குழந்தைகளிடம் மற்றக் குழந்தைகளைவிட அதிகமாக இருந்தது. ஆகவே இது நல்ல கிருமி, அது கெட்ட கிருமி என்று டப்பாவில் எழுதி விற்பதை நம்பி, ஆயிரக்கணக்கில் பணம் கொட்டாதீர்கள். நம் உடலுக்குள் இருப்பது ஒரு பெரிய ஊர். அந்த ஊருக்கு என்ன தீனி போடுகிறோம் என்பதே முதல் விஷயம்.

தீனி என்று சொல்லும்போது நம் வீட்டுச் சமையலையும் சொல்ல வேண்டும். வலீமா, அகீகா என்று வாரம் ஒரு பிரியாணி. கூட வைக்கும் வெங்காயப் பச்சடியைத்தான் காய்கறி என்று கணக்கில் எழுதுகிறோம்! கீரை, வாழைத்தண்டு, கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, கேழ்வரகு எல்லாம் வீட்டில் வயதானவர்களுக்கு மட்டும் என்று ஆகிவிட்டது. ரமலானில் பள்ளிவாசலில் காய்ச்சும் நோன்புக் கஞ்சியில் அரிசி, பருப்பு, வெந்தயம், பூண்டு எல்லாம் சேர்கின்றன. நாள் முழுதும் வெறுமையாக இருந்த குடலுக்கு இதமான உணவு அது. அந்தக் கஞ்சியை ஒரு வாய் குடித்துவிட்டு, சமோசாவுக்கும் ரோஸ் மில்க்குக்கும் தாவிவிடுகிறார்கள் நம் பிள்ளைகள். சோறு ஆறினால் அதிலுள்ள மாவுச்சத்தில் ஒரு சிறு பகுதி செரிக்காத வகையாக மாறும் என்று அறிவியல் சொல்கிறது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் பழைய சோற்றையே குடல் நோயாளிகளுக்காக ஆராய்ச்சிக்கு எடுத்திருக்கிறார்கள். அதற்காகச் சர்க்கரை நோயாளிகள் குண்டான் நிறையப் பழைய சோறு சாப்பிடலாம் என்று அர்த்தமில்லை. உங்கள் டாக்டரைக் கேட்டு அளவோடு சாப்பிடுங்கள்.

இனி நான் சொல்வதைத் தாய்மார்கள் மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு எப்போதும் வீட்டில் இருக்கட்டும். பெரிய பொட்டலம் முழுவதையும் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலம், அரை டம்ளர் என்று கண்ணளவு வேண்டாம். கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்துங்கள். மீதியைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாக மீண்டும் கொடுங்கள். பொட்டலம் இல்லாத நேரத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு.

தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். சாப்பாட்டையும் நிறுத்தாதீர்கள். கூடவே ஜிங்க் மாத்திரை 14 நாள் கொடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம், இரண்டு முதல் ஆறு மாதம் வரை 10 மில்லிகிராம். பேதி நின்ற பிறகும் 14 நாளை முடியுங்கள். சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் கேட்டு வாங்கலாம்.

மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகவே ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். சிறு குழந்தைகளுக்கு வரும் வயிற்றுப்போக்கு பெரும்பாலும் வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. குடலில் நமக்காக உழைக்கும் உயிர்களைத்தான் அழிக்கும். அட்டைப் பெட்டியில் வரும் இனிப்புப் பானத்தையும் ஓ.ஆர்.எஸ். என்று நம்பி வாங்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத பானங்களின் பெயரில் அந்தச் சொல்லைப் போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே உத்தரவிட்டது.

கண் குழிதல், அழுதால் கண்ணீர் வராமை, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, துவண்டு போதல், குடிக்க முடியாமை, மலத்தில் இரத்தம் – இதில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். போகும் வழியிலும் கரைசலைக் கொடுத்துக்கொண்டே போங்கள்.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு வார்த்தை. நம் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளில் பலர், டாக்டர் ஆகாவிட்டால் அறிவியலே வேண்டாம் என்று ஒதுங்கிவிடுகிறார்கள். நுண்ணுயிரியல் படிக்க விரும்பும் பெண் பிள்ளையை, 'அதைப் படிச்சு என்ன ஆகப் போறே?' என்று கேட்கிறோம். அதே வேலூர் கல்லூரியில் குழந்தைகளின் வயிற்றுப்போக்கை ஆராய்ந்தவர் டாக்டர் ககன்தீப் காங் என்ற பெண்மணி. ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்துக்கான ஆய்வுகளில் பெரும் பங்கு அவருடையது. இன்று நம் குழந்தைகளுக்கு அரசு இலவசமாகத் தரும் சொட்டு மருந்து அது. இந்தியாவில் பணிபுரியும் பெண்களில் லண்டன் ராயல் சொசைட்டிக்கு முதன்முதலில் தேர்வானவரும் அவரே, ஆண்டு 2019. மலத்தைச் சோதிக்கும் வேலை என்று முகம் சுளிக்கும் இடத்தில்தான் இவர்கள் தங்கள் வாழ்நாளைச் செலவிட்டார்கள். நம் தெருப் பிள்ளைகளும் அந்த ஆய்வுக்கூடங்களுக்குப் போக வேண்டும். நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், உணவு அறிவியல் படிக்க விரும்பும் பிள்ளைகள் தயங்காமல் அலுவலகத்துக்கு வந்து என்னைப் பாருங்கள்.

நம் அறக்கட்டளை அலுவலகத்தில் இன்று முதல் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வைத்திருப்போம். இரவு எந்த நேரமானாலும் கதவைத் தட்டலாம். காசு வேண்டாம்.

என் அக்காவுக்கு இப்போது அறுபது வயது தாண்டிவிட்டது. இந்த உரையில் அந்தச் சம்பவத்தைச் சொல்லலாமா என்று நேற்று அவரிடம் அனுமதி கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: 'சொல்லு. நிக்கலைன்னாலும் கொடுத்துக்கிட்டே இருக்கச் சொல்லு.'

நான் சொல்ல வந்ததும் அதுதான். அல்லாஹ் நம் குழந்தைகள் எல்லோருக்கும் நல்ல ஆரோக்கியத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.